ஹோட்டல் வேலையில் மாற்றுத்திறனாளிகள்: ஈரோட்டுப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஈரோடு – பெருந்துறை ரோட்டில் 16 வருடமாக ஹோட்டல் நடத்துகிறேன். கீழே சாப்பாட்டுக் கடை, மாடியில் 14 ரூம். மொத்தம் 31 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 6 பேர் மாற்றுத்திறனாளிகள். கோபி, பவானி, தாராபுரம், பொள்ளாச்சி என்று எங்கெங்கோ இருந்து ஹோட்டல்காரர்கள் போன் பண்ணி இதைப் பற்றிக் கேட்கிறார்கள், பெற்றவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது முக்கியமான ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏனுங்க, இது புண்ணியத்துக்குச் செய்யறதா, ஆள் கிடைக்காம செய்யறதா?

ஆள் கிடைக்காமல்தான் ஆரம்பித்தேன். நம் பக்கத்து நிலவரம் உங்களுக்கே தெரியும். உள்ளூர்ப் பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ பெருந்துறை சிப்காட்டுக்கோ போய்விடுகிறார்கள். வடக்கே இருந்து வருகிறவர்கள் ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குக் கிளம்பினால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வருடம் ஹோலிக்கு முந்தின ராத்திரி 7 பேர் ஒன்றாக ரயில் ஏறிவிட்டார்கள், மறுநாள் முழுக்க தோசைக்கல்லில் நானே நின்றேன். அந்த வாரம்தான் எங்கள் கடையில் வழக்கமாகச் சாப்பிடும் சிறப்புப் பள்ளி டீச்சர் ஒருவர், "காது கேட்காத பையன் ஒருத்தன் இருக்கானுங்க, அடுப்பு வேலைன்னா ஆசை, பார்க்கறீங்களா?" என்று கேட்டார். அந்தத் தம்பிதான் இன்றைக்கு எங்கள் கடையின் தோசை மாஸ்டர்.

புண்ணியத்துக்கு என்று நினைத்து யாரையும் வேலைக்கு எடுக்காதீர்கள். அப்படி எடுத்தால் அவருக்கு வேலை கற்றுத் தர மாட்டோம், தப்பைச் சொல்ல மாட்டோம், சம்பளம் ஏற்ற மாட்டோம், ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவோம். நான் முதலில் செய்ததே அதுதான். இரண்டு மாதம் அந்தத் தம்பியைத் தண்ணீர் டம்ளர் எடுத்து வைக்க மட்டும் விட்டேன். ஒருநாள் அவனே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கல்லின் முன்னால் நின்று, தன் நெஞ்சைத் தொட்டு, கரண்டியைக் காட்டினான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எந்த வேலையை யாருக்குக் கொடுக்கலாம்?

கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "சப்ளையர்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம், அதற்குள் எத்தனை வேலை இருக்கிறது? ஆளை உட்கார வைப்பது, இலை போடுவது, ஆர்டர் கேட்பது, உள்ளே சொல்வது, தட்டை எடுத்து வருவது, கூட்டுப் பொரியல் மறுசோறு கேட்பது, பில் கொடுப்பது, இலை எடுப்பது. இதில் ஒன்றிரண்டுதான் ஒருவரால் முடியாமல் போகும், நாமோ முழு வேலையும் முடியாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஒரு நாள் காலை 4 மணிக்கு அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்குகிற வரைக்கும் என்னென்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் கடைக்கு எழுதியபோது 60-க்கும் மேலே போனது.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஆளை அமர்த்தினோம். காது கேளாத மூன்று பேரில் ஒருவர் தோசைக்கல், ஒருவர் சப்ளை, ஒரு அம்மணி மாடியில் ரூம் சுத்தம். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிய அண்ணன் கல்லாவில் இருக்கிறார். போலியோ வந்தவர்கள் இன்றைக்குப் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில்தான், 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழே வாங்கிவிட்டோம். அதனால் இந்த அண்ணன்மார்களுக்கு அனுபவம் இருக்கும், கணக்கு வழக்கு தெரியும், பொறுப்பும் இருக்கும்.

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு தம்பி பார்சல் மேசையில் இருக்கிறான். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். "ரெண்டு இட்லி, ஒரு வடை பார்சல்" என்று வாயால் சொன்னால் அவனுக்குக் குழப்பம். மேசை மேல் ஒரு பலகை வைத்து அதில் பெயிண்டால் நாலு வட்டம் வரைந்தோம். சிவப்பு வட்டத்தில் தக்காளிச் சட்னி, வெள்ளையில் தேங்காய்ச் சட்னி, மஞ்சளில் சாம்பார், பச்சையில் இலையில் மடித்த பலகாரம். நாலு வட்டமும் நிரம்பினால்தான் பையில் போட வேண்டும், ஒரு வட்டம் காலியாக இருந்தால் பை மூடக் கூடாது. அவ்வளவுதான் விதி. முன்பு வாரத்துக்கு நாலு பேராவது "சாம்பார் வைக்கலைங்க" என்று திரும்பி வருவார்கள், இப்போது அந்தப் பேச்சே இல்லை. அவன் லீவு போட்ட அன்றைக்கு மற்ற பையன்களும் அந்தப் பலகையை வைத்துத்தான் கட்டுகிறார்கள்.

பார்வை இல்லாதவர்கள் எங்கள் கடையில் இதுவரை இல்லை. ஆனால் ரூம் புக்கிங் போன், பார்சல் ஆர்டர் போன் இரண்டும் அவர்களால் நன்றாகச் செய்ய முடிகிற வேலை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்ல என்.வி.டி.ஏ. என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, தமிழும் படிக்கும்.

காது கேட்காதவர் சப்ளை பண்றது எப்படிங்க? ஆர்டர் எப்படி வாங்குவார்?

நம்மூர்ப் பந்தியை நினைத்துப் பாருங்கள். சாதம் போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டுகிறோம். இன்னும் கொஞ்சம் என்றால் விரலைக் குவித்துக் காட்டுகிறோம். ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணி வைக்கிறோம். சாப்பிட்டு முடித்தால் இலையை மூடுகிறோம். கொட்டுமேளச் சத்தத்தில் யார் வாயைத் திறந்து பேசுகிறார்கள்? சாப்பிடுகிற இடத்தில் பாதிப் பேச்சு கையால்தான், அதை நாம் கவனித்ததில்லை.

மீதிப் பாதிக்கு மெனு கார்டில் நம்பர் போட்டோம். பெரிய எழுத்தில் படம், பக்கத்தில் எண். ஒன்று இட்லி, இரண்டு சந்தகை (இடியாப்பம் மாதிரிப் பலகாரம்), மூன்று அரிசிம்பருப்பு சாதம் என்று போகும். வந்தவர் விரலால் தொட்டுக் காட்டுவார், சப்ளைத் தம்பி சீட்டில் எழுதி, திருப்பிக் காட்டி, தலையாட்டல் வாங்கிக்கொண்டு உள்ளே போவான். இது நான் கண்டுபிடித்தது இல்லை. மும்பை பவாயில் 2015-ல் தொடங்கிய மிர்ச்சி அண்டு மைம் உணவகத்தில் பரிமாறியவர்கள் காது கேளாதவர்கள்தான். லெமன் ட்ரீ ஹோட்டல்களில் 2007-லிருந்தே காது கேளாதவர்களை எடுத்து வருகிறார்கள், பிறகு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நட்சத்திர ஹோட்டலுக்குத்தான் இது ஒத்துவரும் என்று நினைக்க வேண்டாம், டீக்கடை பெஞ்சிலும் நடக்கும்.

தம்பியின் ஆர்டரில் தப்பு வருவது குறைவு, ஏனென்றால் எழுதிக் காட்டி உறுதி செய்துவிட்டுத்தான் போகிறான். வாயால் கேட்டு வருகிறவர்தான் ரவா தோசைக்குப் பதிலாக ரவா இட்லி கொண்டு வந்து வைக்கிறார்.

சைகை மொழி நாமளும் கத்துக்கணுமா?

ஆமாம். நாற்பது ஐம்பது சைகை போதும், ஒரு மாதத்தில் வந்துவிடும். டெல்லியில் இருக்கும் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 10,000 சொல் கொண்ட அகராதியை 2021-ல் வெளியிட்டது, வீடியோவாகவே பார்க்கலாம். நம்ம கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தில் சைகை மொழிக்கும் சிறப்புக் கல்விக்கும் படிப்பே இருக்கிறது. ஆனால் சந்தகைக்கும் கொள்ளுப் பருப்புக்கும் ஒப்பிட்டுக்கும் (போளி) எந்த அகராதியைத் தேடுவது? அவற்றுக்கு எங்கள் பசங்களே சைகை வைத்துக்கொண்டார்கள். சந்தகைக்கு இரண்டு கையாலும் சந்தகை மரத்தை அமுக்குகிற மாதிரி. ஒப்பிட்டுக்கு உள்ளங்கையில் தட்டுகிற மாதிரி.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தமிழ் தெரியாத ஒடிசாப் பையன் ஒருவனும் காது கேளாத தம்பியும்தான் அடுப்படியில் ரொம்ப நெருக்கம். மற்றவர்கள் ஒடிசாப் பையனிடம் தமிழில் கத்திக் கத்திப் பேசுவார்கள், அவனுக்கு ஒன்றும் விளங்காது. தம்பி கையைக் காட்டினால் சட்டென்று புரிந்துவிடும்.

அடுப்படியில ஆபத்து இல்லைங்களா?

இருக்கிறது, எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் காது கேளாதவர்களுக்கு என்று தனியாக ஒரு ஆபத்து உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஹோட்டல் அடுப்படியில் கொதிக்கிற அண்டாவைத் தூக்கி வருகிறவர் "சூடு, சூடு, சூடு" என்று சத்தம் போட்டுக்கொண்டே வருவார், மற்றவர்கள் ஒதுங்குவார்கள். கூட்டம் அதிகமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சப்ளைத் தம்பி தட்டோடு திரும்பினான், பின்னால் ரசக் குண்டா வந்துகொண்டிருந்தது. தோளில் மோதி அவன் முழங்கையில் ரசம் கொட்டிவிட்டது. பத்து நாள் கட்டுப் போட்டிருந்தான். அன்றைக்கு எல்லாரும் "அவனுக்குக் காது கேக்காது, அதான்" என்றார்கள். ஒரே வழியில் போக்கும் வரத்தும் வைத்தது என் தப்பு, அவன் காதின் தப்பு இல்லை. மறுநாளே தரையில் மஞ்சள் கோடு போட்டு, இந்தப் பக்கம் உள்ளே போக, அந்தப் பக்கம் வெளியே வர என்று பிரித்தோம். திருப்பத்தில் ரோட்டு வளைவில் வைக்கிற மாதிரி ஒரு குவிகண்ணாடி மாட்டினோம். சூடாக எதைத் தூக்கினாலும் ஒருவர் முன்னால் போய்த் தோளைத் தொட வேண்டும் என்று விதி வைத்தோம். அதற்கப்புறம் யார் மேலும் எதுவும் கொட்டியதில்லை, காது கேட்கிறவர்கள் மேலும்தான்.

அதோடு தோசைக்கல்லுக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு. சப்ளையர் சீட்டு குத்தினால் சுவிட்சைத் தட்டுவார், பல்பு மின்னும், மாஸ்டர் திரும்பிப் பார்ப்பார். தீ அலாரமும் சத்தத்தோடு வெளிச்சமும் மின்னுகிற மாதிரி வாங்குங்கள். முக்கியமாக பாத்ரூமுக்குள்ளும் ஒன்று இருக்க வேண்டும், உள்ளே இருக்கிறவருக்கு வெளியே நடக்கும் எதுவும் தெரியாது.

வலிப்பு வருகிறவரை எண்ணெய்ச் சட்டி, கிரைண்டர், மாடிக் கைப்பிடி ஓரம் இவற்றில் விடாதீர்கள். காய் நறுக்குவதற்குப் பதில் ஸ்டோரில் சாமான் எண்ணுவது, துணி மடிப்பது என்று எத்தனையோ இருக்கிறது. இதை அவரிடமும் டாக்டரிடமும் பேசி முடிவு செய்யுங்கள், நாமாக முடிவு கட்ட வேண்டாம்.

உணவுத் துறை மெடிக்கல் சர்டிஃபிகேட்ல சிக்கல் வருமா?

வராது. சாப்பாட்டைத் தொட்டு வேலை செய்கிற எல்லாருக்கும் வருடம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் பார்ப்பது தொற்று நோயை. காது கேளாமையும் கால் ஊனமும் யாருக்கும் ஒட்டிக்கொள்ளாது.

சட்டம் என்ன சொல்லுதுங்க? தனியாருக்கும் இட ஒதுக்கீடு இருக்கா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். குள்ளமானவர்கள், ஆட்டிசம், பார்க்கின்சன், தொழுநோய் குணமானவர்கள், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. நம்மைப் போன்ற தனியாருக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை, ஆனால் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அரசு ஊக்கம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத ஒன்று: ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றை எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் ஒரு நகலைப் பதிய வேண்டும். 20 பேர், அதற்கு மேல் வேலை செய்தால், எந்தெந்த வேலை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது, எப்படித் தேர்வு செய்வோம், என்ன வசதி செய்வோம் என்பதோடு, இதைக் கவனிக்க ஒரு பொறுப்பாளரையும் அதில் குறிப்பிட வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை போகும். நான் அந்த 60 வேலை எழுதிய நோட்டை வைத்துத்தான் கொள்கையை எழுதினேன், ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. ஆடிட்டரிடம் தள்ளிவிடாமல் நீங்களே எழுதுங்கள், அப்போதுதான் அது உங்கள் கடையைப் பற்றியதாக இருக்கும்.

சம்பளம் கொஞ்சம் கம்மியா கொடுத்தா போதுங்களா?

போதாது. அதே வேலைக்கு அதே சம்பளம்.

எங்கள் பார்சல் தம்பி இதற்கு முன்னால் இன்னொரு இடத்தில் இரண்டு வருடம் வேலை செய்தவன். அங்கே அவனுக்குக் கிடைத்தது மூன்று வேளைச் சாப்பாடும் பஸ் காசும். "வீட்ல சும்மா இருக்கிறதுக்கு இங்க வந்து பொழுது போகட்டும்" என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். காலை 6 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரை பாத்திரம் தேய்ப்பது பொழுதுபோக்கா? அவன் எங்களிடம் முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு, கவரைத் திறக்காமலே சாயங்காலம் வரைக்கும் சட்டைப் பையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாதமே அவன் பெயரில் பேங்க் கணக்குத் திறந்தோம். சம்பளம் அவரவர் கணக்கிற்குத்தான் போக வேண்டும், அண்ணன் கணக்கிற்கோ மாமா கணக்கிற்கோ வேண்டாம்.

10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். மற்றவர்களுக்கு மாதச் சம்பளம் 21,000 வரை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 வரை இ.எஸ்.ஐ. உண்டு. நம் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. இவர்களுக்கான முதலாளி பங்கை அரசே ஏற்கும் திட்டமும் உண்டு, இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் அடையாள அட்டை நகலோடு போய்க் கேளுங்கள்.

வேலைக்குப் போனா அரசு உதவித்தொகை நின்னு போயிருமாமே?

இந்தப் பயத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளையை அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள். கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. எந்தத் திட்டத்தில் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து விதி மாறும். கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, சேருவதற்கு முன்னாலேயே அங்கே போய் நேரில் கேட்டுவிடுங்கள். ஹோட்டல்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உதவித்தொகை போகக் கூடாது என்று கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இ.எஸ்.ஐ.யும் இல்லை, எதுவும் இல்லை.

ஆளுங்களை எங்க போய்த் தேடறது?

அதே நல அலுவலகம்தான் முதல் இடம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் தனியார் துறை முகாம் நடத்தும்போது நீங்களும் ஒரு மேசை கேளுங்கள். பக்கத்தில் உள்ள சிறப்புப் பள்ளி டீச்சர்களிடம் சொல்லி வையுங்கள், எந்தப் பிள்ளைக்கு எதில் கை ஓடும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. காது கேளாதவர்களில் ஒருவர் உங்களிடம் நன்றாக நடத்தப்பட்டால் வாட்ஸ்அப் வீடியோவில் கோயம்புத்தூர் சேலம் வரைக்கும் செய்தி போய்விடும், அப்புறம் நீங்கள் தேட வேண்டியதில்லை. மோசமாக நடத்தினாலும் அதே மாதிரிதான் போகும். வருகிறவரிடம் யு.டி.ஐ.டி. என்கிற தனி அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பிக்க உதவுங்கள்.

இன்டர்வியூல என்ன கேக்கறது?

"இது எப்படி ஆச்சு? பிறவியிலேயேவா?" என்று ஆரம்பிக்காதீர்கள். வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேராக வேலை செய்கிற இடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், அரை நாள் செய்து பார்க்கச் சொல்லுங்கள், அந்த அரை நாளுக்கும் கூலி கொடுங்கள். "இதுல எது சிரமமா இருக்குது, நாங்க என்ன பண்ணினா சுலபமா இருக்கும்?" என்று மட்டும் கேளுங்கள். கூட வந்த அப்பாவிடம் கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

கட்டடத்தை இடிச்சுக் கட்டணுமா? செலவு தாங்குமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. எங்கள் கடையில் முதலில் செய்தது கல்லாவுக்குப் பின்னால் நல்ல நாற்காலி, அவ்வளவுதான். கல்லாவில் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? தமிழ்நாட்டில் கடை, நிறுவனங்களில் வேலை செய்கிற எல்லாருக்குமே உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தமே வந்துவிட்டது.

வாசலில் சாய்தளம் போட்டால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடம் பற்றவில்லை என்று செங்குத்தாகப் போட்டுவிட்டு நாமும் போட்டோம் என்று சொல்லாதீர்கள், அதில் சக்கர நாற்காலி ஏறாது, இறங்கும்போது கவிழ்ந்துவிடும். எங்கள் சாய்தளத்தை ஒரு பக்கமாக மடக்கிக் கட்டினோம். இன்றைக்கு அதில் அதிகமாக ஏறுவது சிலிண்டர் வண்டியும், பழனி போய்விட்டு முட்டி வலியோடு சாப்பிட வருகிற ஆத்தாமார்களும்தான்.

எல்லாரும் மறக்கிற இடம் கழிப்பறை. வேலை செய்கிறவர்களுக்கான கழிப்பறை பெரும்பாலான ஹோட்டல்களில் பின்பக்கம், இரண்டு படி ஏறி, வழுக்குகிற தரையோடு, இந்திய முறையில் இருக்கும். காலில் வலு இல்லாதவர் அதில் எப்படி உட்கார்ந்து எழுவார்? எங்கள் கல்லா அண்ணன் முதல் ஆறு மாதம் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறார், கழிப்பறை போக வேண்டி வந்துவிடுமே என்று. அவர் சொல்லவில்லை, அவர் வீட்டு அம்மா ஒருநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் தாகத்தோடு இருந்திருக்கிறார். அந்த வாரமே மேற்கத்திய கழிப்பறை வைத்து, சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி போட்டேன். ஆளை எடுப்பதற்கு முன்னால் முதலில் இதைச் செய்யுங்கள்.

கஸ்டமர் ஏதாவது சொல்வாங்களா?

சொல்வார்கள், கொஞ்ச பேர். காலையில் கல்லாவில் இவர் முகத்திலா விழிக்கணும் என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். அவரிடம் காசை வாங்காமல், இனி வேறு கடைக்குப் போங்கள் என்று சொன்னேன். மாற்றுத்திறனாளியைப் பலர் முன்னால் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை என்று 2016 சட்டத்தின் 92-வது பிரிவு சொல்கிறது, அதையும் சொல்லி வைத்தேன். ஆனால் அப்படிப்பட்டவர்கள் 16 வருடத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். அடிக்கடி நடப்பது வேறு: நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள் சப்ளைத் தம்பியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் "இவன் சாப்பிட்டானா?" என்று கேட்கிறார்கள், கன்னத்தைத் தட்டுகிறார்கள். அவனுக்கு 26 வயது. மெனு கார்டின் முதல் பக்கத்திலேயே, "உங்களுக்குப் பரிமாறுகிறவருக்குக் காது கேட்காது. முகம் பார்த்து, எண்ணைத் தொட்டுக் காட்டுங்கள்" என்று அச்சடித்த பிறகு இது நன்றாகக் குறைந்துவிட்டது.

கூட வேலை செய்யறவங்க எப்படி எடுத்துக்குவாங்க?

முதல் மூன்று வாரம் கவனமாக இருங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் அடுப்படியில் முதலில் "டேய் செவிடா", "நொண்டி அண்ணா" என்றுதான் கூப்பிட்டார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கம். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சரக்கு மாஸ்டரை (தலைமைச் சமையல்காரர்) வைத்தே சொல்ல வைத்தேன். முதலாளி சொன்னால் முன்னால் தலையாட்டுவார்கள், மாஸ்டர் சொன்னால் கேட்பார்கள். இன்னொன்று, இவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை என்று தோன்றினால் புகைச்சல் வரும். வாரவிடுமுறை, பேட்டா, தீபாவளி போனஸ் எல்லாருக்கும் ஒன்றே என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தப்பு பண்ணினா கண்டிக்கலாமா?

கண்டிக்காவிட்டால்தான் தப்பு. தோசைத் தம்பி ஒரு காலத்தில் தொடர்ந்து லேட்டாக வந்தான், எல்லாருக்கும் போடுகிற மாதிரி அரை நாள் சம்பளம் பிடித்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், அடுத்த வாரம் நேரத்துக்கு வந்தான். சரி வராமல் போனால் வேலையை விட்டு அனுப்பவும் செய்யலாம். ஒருவர் என்னிடமிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் துணி செக்கிங் வேலைக்குப் போய்விட்டார், அங்கே கூடச் சம்பளம். வருத்தம்தான், ஆனால் நல்ல வேலைக்காரன் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

ராத்திரி ஷிஃப்ட், பஸ்ஸெல்லாம் எப்படிச் சமாளிக்கறீங்க?

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வருகிற ஒருவருக்கும் இலவசம். ஆனால் கடைசி டவுன் பஸ்ஸை விட்டால் ஆட்டோதான், அதற்கு ஒரு நாள் கூலியில் பாதி போய்விடும். அதனால் முதலில் பஸ் நேரத்தைப் பார்த்து, பிறகு ஷிஃப்ட் போடுகிறேன். மாடி வேலை அம்மணிக்கு 8 முதல் 4 மணி மட்டும். இன்னொரு விஷயம், ரூம் சுத்தம் செய்ய அவரைத் தனியாக அனுப்புவதில்லை, எப்போதும் இருவராக. காது கேட்காத பெண் உள்ளே இருக்கும்போது யாராவது பின்னால் வந்தால் தெரியாது. கதவை முழுசாகத் திறந்து வைத்து, குறுக்கே துணி வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வேலை ஆரம்பிப்பார்கள்.

நாங்க பெத்தவங்க. பிள்ளையை ஹோட்டல் வேலைக்கு நம்பி அனுப்பலாங்களா?

அனுப்புங்கள் அம்மா, ஆனால் பார்த்து அனுப்புங்கள். போகிற இடத்தில் கழிப்பறையைப் பாருங்கள், சாப்பிடுகிற இடத்தைப் பாருங்கள், எல்லாரோடும் சேர்ந்து சாப்பிட விடுகிறார்களா என்று பாருங்கள். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம், தினமும் வந்து கடை வாசலில் நிற்காதீர்கள். பார்சல் தம்பியின் அம்மா முதல் மாதம் முழுக்க எதிர்ப்பக்க நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார், அவன் வேலையைப் பார்க்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவர் வரவில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக நாலு வட்டத்தையும் தவறில்லாமல் நிரப்பினான்.

ஏற்கனவே வேலை செய்யறவருக்கு ஊனம் ஆயிட்டா என்ன பண்றது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, ஆனால் ஹோட்டலில் நடக்கக்கூடியது இதுதான். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம், ஒவ்வொரு அடுப்படியிலும் பெரிய கிரைண்டர் ஓடுகிறது. ஓடுகிற கல்லில் மாவைத் தள்ளிவிடக் கையை விடுகிற பழக்கமும் ஓடுகிறது. எங்கள் சரக்கு மாஸ்டருக்கு உதவியாக 11 வருடம் இருந்த அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது அப்படித்தான். முதலில் சொன்ன 6 பேரில் கடைசி ஆள் இவர்.

இ.எஸ்.ஐ. இருந்ததால் வேலைக்கு வராத காலத்தில் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்தது, நிரந்தர இழப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. இ.எஸ்.ஐ.க்குள் வராத கடை என்றால் சட்டப்படி முதலாளிதான் இழப்பீடு கொடுக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அவர் வந்தபோது கணக்கை முடித்து அனுப்பிவிடச் சொன்னவர்கள் என் வீட்டிலேயே இருந்தார்கள். இப்போது அவர் ஸ்டோரைப் பார்க்கிறார். ஈரோடு மார்க்கெட்டில் மஞ்சளை மோந்து பார்த்தே இது பழசு என்று திருப்பி அனுப்பிவிடுவார், அதற்கு விரல் எதற்கு? கிரைண்டர் பக்கத்தில் புதுப் பையன் யார் நின்றாலும், அவர்தான் போய் முதலில் தன் கையைக் காட்டுவார். நீண்ட மரத்துடுப்பு இல்லாமல் கல்லை ஓட விடுவதில்லை.

உங்க கடையை நேர்ல வந்து பார்க்கலாங்களா?

தாராளமாக வாருங்கள். மத்தியானம் 12 முதல் 3 மணி வரை மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது. 4 மணிக்கு மேல் வந்தால் தோசைத் தம்பி கல்லைத் துடைத்து, வெங்காயத்தைப் பாதியாக அறுத்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பான். என்னிடம் பேசுவதை விட அவனிடம் பேசுங்கள். பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், முன்னால் போய் நின்று கையை ஆட்டுங்கள்.